வண்டிக்கு வயசாச்சு, பிரேக்குக்கு வயசாகலை

போன ஞாயித்துக்கிழமை காலையில வண்டியைக் கிணத்து மேட்டுல நிறுத்திக் கழுவிக்கிட்டு இருந்தேன். ரோட்டுல போன கார் ஒண்ணு ரிவர்ஸ்ல வந்து நின்னுச்சு. சென்னைக்காரங்க. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் வந்திருக்காங்க, கூட்டத்துக்கு முன்னாடி போயிடலாம்னு ஊருக்குள்ள குறுக்கு வழியில வந்திருக்காங்க. அந்தப் பொண்ணு இறங்கி வந்து, "அங்கிள், இது வின்டேஜா?"ன்னு கேட்டுச்சு.

"இல்லம்மா. நெல்லு மூட்டை ஏத்துற வண்டி"ன்னேன்.

போட்டோ எடுத்தாங்க. மோர் குடுத்தோம், குடிச்சாங்க. போகும்போது அந்தத் தம்பி என்னைத் தனியா கூப்பிட்டு, "சார், குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க. ஈ.சி.ஆர்.ல நண்பர் ஒருத்தர் கஃபே வைக்கிறார். வாசல்ல நிறுத்தி, பின்னாடி தொட்டியில செடி வெச்சா சூப்பரா இருக்கும்"னாரு.

நல்ல பிள்ளைங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி படுத்தப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். இந்த நாட்டுல என் வண்டிக்கு இப்ப ரெண்டே ரெண்டு இடம்தான் இருக்கு. ஒண்ணு பூந்தொட்டி. இன்னொண்ணு உடைக்கிற பட்டறை. ஓடுற வண்டியா ஓடுறதுக்கு மட்டும் இடம் இல்லை. இதை யார் முடிவு பண்ணினாங்க, எதை வெச்சு முடிவு பண்ணினாங்கன்றதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். மகிந்திரா எஃப்.சி. 150. 1971 மாடல். அமெரிக்காவில் வில்லிஸ் ஜீப் கம்பெனி 1950கள்ல கொண்டுவந்த வடிவம், நம்ம நாட்டுல மகிந்திரா 1965லேர்ந்து செஞ்சாங்க. ஜீப்போட அடிச்சட்டம்தான், ஆனா மூக்கு கிடையாது. டிரைவர் முன்சக்கரத்து மேலயே உட்காரணும், என்ஜின் பக்கத்துல பெட்டி மாதிரி இருக்கும். சித்திரை மாசத்துல ஓட்டினா வலது கால் வேகும். எஃப்.சி.ன்னா ஃபார்வர்ட் கன்ட்ரோல். வருஷா வருஷம் நாங்க காட்டுற எஃப்.சி.க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. எஃப்.சி.க்கு எஃப்.சி. எடுக்கிறதுக்குள்ள உயிர் போகுதுன்னு எங்க அப்பா சொல்லிச் சிரிப்பார். இப்ப எனக்குச் சிரிப்பு வரலை.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 81 அங்குலம்தான். பாரம் எல்லாம் முன்னாடி. காலியா போகும்போது பிரேக்கை ஓங்கி மிதிச்சா பின்பக்கம் தூக்கிடும். அமெரிக்காக்காரனே இதுக்காகப் பின்னாடி ஒரு எடைக்கட்டியை வெச்சுத்தான் வித்திருக்கான். நாங்க ரெண்டு மணல் மூட்டை போட்டுக்குவோம்.

அப்பா இதை 1983ல பிள்ளையார்பாளையத்துல ஒரு பட்டு நூல் வியாபாரிகிட்ட செகண்ட்ஹேண்டா வாங்கினார். ரெண்டு கறவை மாடும் ஒரு போகம் மல்லாட்டையும் போச்சு. அப்ப இதுல இருந்தது பெட்ரோல் என்ஜின். இன்லெட் வால்வு மேலே ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்குல இருக்கிற அந்தக் காலத்து ஹரிக்கேன் என்ஜின். பலம் இருந்தது, பசியும் இருந்தது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்கூட குடுக்காது. நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துட்டு, 1987ல பூஷோ டீசல் என்ஜின் ஒண்ணு பழசா வாங்கி மாத்தினார். எக்ஸ்.டி.பி. 4.90. மகிந்திரா ஜீப்புங்களுக்கே கம்பெனியில போட்ட அதே என்ஜின்தான். அந்தக் காலத்துல பெட்ரோல் ஜீப் வெச்சிருந்தவங்க பாதிப் பேர் இப்படித்தான் டீசலுக்கு மாறினாங்க. மட்டடார் என்ஜினை அம்பாசிடர்ல வெச்சவங்க எத்தனை பேர்!

மாத்தினப்புறம் அப்பா வண்டியை ஆபீசுக்கு ஓட்டிப் போனார். இன்ஸ்பெக்டர் என்ஜின் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்தார், வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், பிரேக் அடிக்கச் சொன்னார், ஆர்.சி. புத்தகத்துல மையில எழுதி சீல் குத்திக் குடுத்துட்டார். அந்தப் பக்கம் இன்னும் என்கிட்ட இருக்கு. எழுத்து கொஞ்சம் மங்கிப்போச்சு, சீல் தெளிவா இருக்கு.

இப்ப பிரேக் கதைக்கு வர்றேன். இந்தப் பதிவுல இதுதான் முக்கியம்.

இந்த வண்டி கம்பெனியிலேர்ந்து வந்தப்போ நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணு, அதுலேர்ந்து போற குழாய் ஒண்ணு. எந்த இடத்துல ஒரு பொத்தல் விழுந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. அந்தக் காலத்து வண்டி பல அப்படித்தான். 1994ல, நவரை அறுப்பு முடிஞ்சு பத்து மூட்டையோட ஏரிக்கரை இறக்கத்துல அப்பா வர்றார். முன்சக்கரத்து ரப்பர் ஹோஸ் வெடிச்சுது. பெடல் தரையில போய் ஒட்டிக்கிச்சு. கரைக்குக் கீழே மதகுல பொம்பளைங்க துணி துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்பா இடது பக்கம் ஒடிச்சு யாரோட வைக்கோல் போருக்குள்ளயோ விட்டுட்டார். வண்டிக்கும் ஒண்ணும் ஆகலை, அவருக்கும் ஒண்ணும் ஆகலை. போர்க்காரர் மட்டும் ரெண்டு மாசம் பேசலை. ஆனா அதுக்கப்புறம் அந்த இறக்கம் வந்தா அப்பா பேச்சை நிறுத்திடுவார். ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை வெளுத்துப் போயிருக்கும். பக்கத்துல உட்கார்ந்து நான் பார்த்திருக்கேன்.

2019 கடைசியில மெயின் பேரிங் போய் வண்டி நின்னுச்சு. அப்பா அப்ப இல்லை. 2020 மார்ச்சுல ஊரடங்கு வந்துச்சு. வெளியே போக முடியாது, கத்திரிக்காயை வாங்க ஆள் இல்லை. சரின்னு புளியமரத்துக் கிளையில செயின் பிளாக்கைக் கட்டி என்ஜினைத் தூக்கினேன். நான் மெக்கானிக் இல்லை, பத்தாவது படிச்ச விவசாயி. ஆனா முப்பத்தஞ்சு வருஷமா எண்ணெய் மோட்டாரும் பம்ப்செட்டும் பவர் டில்லரும் பிரிச்சு மாட்டினவன். கழட்டின ஒவ்வொரு போல்ட்டையும் பழைய ஊறுகாய் பாட்டில்ல போட்டு, மேலே பேர் எழுதி திண்ணையில வரிசையா வெச்சேன். என் வீட்டுக்காரி ஒரு மாசம் திண்ணையில உட்காரவே இல்லை.

கிராங்க் ஷாஃப்ட்டை லேத் பட்டறையில 0.25 கிரைண்டிங் போட்டு, அதுக்கேத்த பேரிங் தேடி அலைஞ்சேன். ஊரடங்கு தளர்ந்ததும் புதுப்பேட்டைக்கு ஏழு தடவை போயிருப்பேன். சென்னைக்காரங்க பலருக்குப் புதுப்பேட்டைன்னா திருட்டு ஸ்பேர் விக்கிற இடம்னு ஒரு நினைப்பு. ஒரு சந்துல எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் என் கையில இருந்த தேஞ்சுபோன புஷ்ஷைப் பார்த்ததும், அளக்காமலே, எந்த வண்டி, எந்த வருஷம், எந்தப் பக்கம்னு சொன்னார். அந்த அறிவுக்கு எந்தக் காலேஜுல சர்டிபிகேட் குடுக்கிறாங்க?

பின்தொட்டியை ஊர் ஆசாரி வேம்புப் பலகையில செஞ்சார். நாசில் டெஸ்ட்டும் பம்ப் காலிப்ரேஷனும் வெளியில குடுத்தேன், அது வீட்டுல பண்ற வேலை இல்லை. மத்தபடி வயரிங்லேர்ந்து பெயின்ட் வரைக்கும் நானும் பையனும்.

பிரேக்குல மட்டும் நான் பழையபடி வைக்கலை. வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். ரெட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் போட்டேன், முன்னாடிக்கு ஒரு லைன், பின்னாடிக்கு ஒரு லைன். ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும். மிதிக்கச் சுலபமா இருக்க பூஸ்டர் வெச்சேன். டீசல் என்ஜின்ல பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் கிடைக்காது, அதனால பழைய டைனமோவைக் கழட்டிட்டு வாக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் மாட்டினேன். சீட் பெல்ட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், இதெல்லாம் 1971ல இந்த வண்டியில கிடையாது. எல்லாத்தையும் போட்டேன். மொத்தம் பதினாலு மாசம் ஆச்சு. ஏரிக்கரை இறக்கத்துல பத்து மூட்டையோட முதல் தடவை இறங்கினப்போ, பாதி இறக்கத்துல வேணும்னே நிறுத்திப் பார்த்தேன். நின்னுச்சு. இறங்கி ஒரு பீடி பிடிச்சுட்டு அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.

சரி, இப்ப சட்டம் என்ன சொல்லுது?

2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டுவந்துச்சு. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். என் வண்டி தாண்டியாச்சு. ஆனா சேசிஸ், பாடி, என்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் இல்லாம அசல் வடிவத்துலயே இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதுக்கப்புறம் தினசரி ஓட்டக் கூடாது, தொழிலுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், வின்டேஜ் ரேலிக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம், எண்ணெய் போடவும் ரிப்பேர் பண்ணவும் போகலாம். நெல்லு ஏத்தக் கூடாது. அதாவது, அப்பாவை வைக்கோல் போருக்குள்ள கொண்டுபோன அந்த ஒத்தை லைன் பிரேக் இருந்தா அது பாரம்பரியம். ரெட்டை லைன் போட்டா பாரம்பரியம் கெட்டுப்போச்சு.

சரி, வின்டேஜ் வேண்டாம், மாத்தின வண்டின்னே இருக்கட்டும்னா, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு நிக்குது. கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா எதையும் மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். ஒரு மாற்றத்துக்கு 5,000! நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பத்து விரல் போதலை. பிரேக் பூஸ்டரும் ஒண்ணுதான், ஆளை அடிச்சுத் தூக்குற இரும்புக் கம்பி பம்பரும் ஒண்ணுதான், கண்ணைக் குருடாக்குற எல்.இ.டி. லைட்டும் ஒண்ணுதான். எதை மாற்றம்னு எழுதறது, எதை ரிப்பேர்னு விடறதுன்றது பார்க்கிற ஆளைப் பொறுத்தது.

வேடிக்கையைக் கேளுங்க. அங்கீகாரம் உள்ள கிட் வாங்கி ஒரு வண்டியை பேட்டரி வண்டியா மாத்தினா சட்டம் ஒத்துக்குது. கேஸுக்கு மாத்தினாலும் ஒத்துக்குது. அதாவது முழு என்ஜினையும் கடாசலாம், கடையில விக்கிற பொருளை வாங்கி மாட்டினா சரி. புளியமரத்தடியில மாட்டினா குத்தம்.

மூணாவது வழி உடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதி பிரதமர் ஆரம்பிச்சு வெச்ச கழிவு வாகனக் கொள்கை. குடுத்தா புது வண்டியோட ஷோரூம் விலையில 4லேர்ந்து 6 சதவீதம் வரைக்கும் கிடைக்கும்னு கணக்கு. கட்டாயம் இல்லை, தகுதி இருந்தா ஓட்டலாம்னும் சொல்றாங்க. ஆனா அந்தத் தகுதிச் சான்றுக்குக் கட்டணத்தைப் பாருங்க. 15 வருஷம் தாண்டின என் மாதிரி சின்னச் சரக்கு வண்டிக்கு 2022 ஏப்ரல்லேர்ந்து 7,500. 2025 நவம்பர்ல, 20 வருஷம் தாண்டினதுக்கு 15,000ன்னு ஏத்திட்டாங்க. வருஷா வருஷம். என் வண்டி வருஷத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஓடினா அதிகம். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் சான்றிதழுக்கே போகுது, டீசலைவிட அதிகமா. இது போக பசுமை வரி. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலை, கதவை மட்டும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா சாத்தறாங்க.

நீங்க கேட்பீங்க, பழைய வண்டி புகை விடுமே, ஆளைக் கொல்லுமேன்னு. நியாயமான கேள்வி. நானும் தட்டிக்கேட்க மாட்டேன். எங்க ஊர்ப் பக்கமே பிரேக் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர் மேல ராத்திரியில மோதிச் செத்தவங்க உண்டு. சேசிஸ்ல விரிசல் விட்டதை வெல்டு வெச்சு மறைச்சு ஓட்டுறவனை நானே பார்த்திருக்கேன், அவன்கிட்ட சண்டையும் போட்டிருக்கேன். அதனால சோதனை வேண்டாம்னு நான் சொல்லலை. இன்னும் கடுமையா சோதிங்கன்னு சொல்றேன். உருளை மேல ஏத்தி பிரேக்கை அளக்கிற மிஷின் இருக்கு, அதுல ஏத்துங்க. புகையை அளங்க. ஸ்டியரிங் ஆட்டத்தைப் பாருங்க. தேறலைன்னா நானே ஆசிட் ஊத்தி நம்பரை அழிக்கிறேன். ஆனா வண்டியைப் பார்க்காம வருஷத்தைப் பார்த்துத் தண்டம் போடறது எந்த ஊர் நியாயம்? தினமும் 300 கிலோமீட்டர் ஓடி நாலு வருஷத்துல நொந்துபோன வண்டிக்கும், மழையில நனையாம கொட்டகையில நின்ன வண்டிக்கும் வயசு வெச்சா கணக்கு?

காஞ்சிபுரத்துக்காரன் நான், எங்க ஊர் உதாரணமே சொல்றேன். பழைய குழித்தறியில முந்தி 'அடை' கட்டித்தான் டிசைன் எடுத்தாங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து நூலைத் தூக்கணும். அப்புறம் ஜக்கார்டு பெட்டி வந்துச்சு. தாத்தா தறி, மேலே புதுசா பெட்டி, அட்டையில பொத்தல் போட்ட டிசைன். 1985ல வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் அதைக் கைத்தறின்னே ஒத்துக்கிட்டுது. பவர் தறி இல்லாதது கைத்தறி, அவ்வளவுதான் விளக்கம். அந்தத் தறியில நெய்த சேலைக்குத்தான் புவிசார் குறியீடும் குடுத்தாங்க. ஜக்கார்டு மாட்டினதால பாரம்பரியம் போச்சுன்னு யாரும் சீல் வைக்கலை.

திருவாரூர் ஆழித் தேரை எடுத்துக்குங்க. இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் தொழிற்சாலையில செஞ்சு மாட்டினது. மரம் அப்பப்ப மாத்துறாங்க. அதுக்காக இது ஆழித் தேர் இல்லை, அனுமதி இல்லாத வாகனம்னு யாராவது நோட்டீஸ் ஒட்டினாங்களா? பிரேக் போட்டதால ஜனங்க சக்கரத்துல சிக்காம தப்பிக்கிறாங்க, தியாகராஜருக்கும் ஒரு குறையும் இல்லை.

இன்னொண்ணு. எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்'னு போர்டு பார்த்திருப்பீங்க. பாட்டியோட கூறைப்புடவையைக் கொண்டுபோனா தராசுல போடுவாங்க. ஜரிகையை எரிச்சு உருக்கினா எத்தனை கிராம் வெள்ளி தேறும்னு கணக்கு. கோர்வை எப்படி, எத்தனை நாள் நெய்தது, யார் கல்யாணத்துக்கு எடுத்தது, அதெல்லாம் தராசுல ஏறாது. விக்கிறவங்களைக் குத்தம் சொல்லலை, கஷ்டம் இருக்கும். ஆனா கட்டிக்கிட்டு இருக்கிற புடவையை உருவி, தராசுல போடுன்னு யாரும் சொல்றதில்லை.

"ஏம்பா இவ்வளவு மல்லுக்கட்டறே, ஒரு குட்டியானை எடுத்துடலாம்பா"ன்னு பையன் சொல்றான். அவன் ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருக்கான். புது வண்டி நாள் பூரா அவன் கையில போகுது. அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, லோன் கிடைக்கும். ஆனா தவணை மாசாமாசம் வரும், நெல்லு மாசாமாசம் வராதே. தவணை கட்டறதுக்காக வண்டியை வாடகைக்கு விடணும், வாடகைக்கு ஓட்ட ஆள் வைக்கணும், அப்புறம் நான் விவசாயியா வேன்காரனா? எங்க தெருவுலயே ரெண்டு பேர் அப்படி வாங்கி, ஒருத்தர் வண்டியை விட்டார், இன்னொருத்தர் நிலத்தை விட்டார்.

அதுவும் போகட்டும். புது வண்டி நிரந்தரம்னு யார் சொன்னது? மறைமலைநகர்ல ஃபோர்டு 1999லேர்ந்து கார் செஞ்சாங்க. 2021 செப்டம்பர்ல மூடறோம்னாங்க, அடுத்த வருஷம் ஜூலையில கடைசி கார் வெளியே வந்துச்சு. வண்டலூர்ல ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது, ஹெரால்டு கார் செஞ்சாங்க, ஸ்டாண்டர்டு 20 வேன் செஞ்சாங்க, 1980கள் கடைசியில மூடிட்டாங்க. கம்பெனி போனப்புறம் அந்த வண்டிகளை ஓட வெச்சது யாரு? புதுப்பேட்டைக்காரனும், லேத் பட்டறைக்காரனும், கையில கிரீஸ் ஒட்டின நம்ம ஆளுங்களும்தான். கியூபாவில் 1950கள்ல வந்த அமெரிக்கக் கார்ல டீசல் என்ஜின் மாத்தி இன்னும் டாக்சி ஓட்டறாங்க. அதைப் பார்க்க நம்மூர்க்காரங்க விமானம் ஏறிப் போய் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் பிடிக்காம ஓடினவர். வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரிச்சுப் போட்டுத் தானே தொழில் கத்துக்கிட்டார். 1920ல பொள்ளாச்சி பழனி ரோட்டுல பஸ் விட்டார். இன்னைக்கு அவர் பேர்ல கார் மியூசியம் இருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டறோம். வீட்டுல ஒரு பையன் ஸ்பேனரை எடுத்து வண்டியைப் பிரிச்சா மட்டும், ஆர்.சி.யில இல்லாததை ஏன் தொடறேன்னு கேட்கிறோம். 2022ல மத்திய அரசே 'பழுது பார்க்கும் உரிமை'ன்னு ஒண்ணு அறிவிச்சு, அதுல விவசாயக் கருவியும் மோட்டார் வண்டியும் உண்டுன்னாங்க. ஒரு இலாகா பழுது பார்னு சொல்லுது, இன்னொரு இலாகா உடைச்சுப் போடுன்னு சொல்லுது.

இவ்வளவு எழுத வெச்ச காரணத்தைச் சொல்லிடறேன். இந்த தை மாசம் ஒரு வேலையா ஆபீசுக்குப் போனப்போ, கம்ப்யூட்டர்ல என் வண்டிக்கு எரிபொருள் 'பெட்ரோல்'னு இருந்தது. பழைய புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ யாரோ முதல் பக்கத்தை மட்டும் அடிச்சிருக்காங்க. 1987ல மையில எழுதின பக்கத்தைப் புரட்டலை. இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படலை, இப்ப பட்டுடுச்சு. நான் புத்தகத்தைக் காட்டினேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசு, மரியாதையாத்தான் பேசினார். சீலைத் தடவிப் பார்த்தார். "ஐயா, இது உண்மைதான்னு எனக்கே தெரியுது. ஆனா இதை நான் இப்ப ஏத்தினா புது மாற்றமாத்தான் சிஸ்டம் எடுத்துக்கும். புது மாற்றத்துக்கு அனுமதி கிடையாது. பெட்ரோல் என்ஜினையே திரும்ப மாட்டிடுங்களேன், இல்லைன்னா ஸ்கிராப்புக்குக் குடுத்துடுங்க"ன்னார்.

வண்டியில இருந்த பெட்ரோல் என்ஜினை 1987லயே இரும்பு விலைக்குப் போட்டாச்சு. அப்படியே கிடைச்சாலும் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓட்டி யார் காத்து சுத்தமாகும்?

நான் கேட்கிறது அதிகம் இல்லை. 1987ல அந்த இன்ஸ்பெக்டர் செஞ்சாரே, வண்டியை ஓட்டிப் பார்த்து, பிரேக் அடிச்சுப் பார்த்து, நல்லா இருந்தா எழுதி சீல் குத்துறது, அந்த அதிகாரத்தை இந்தச் சின்னப் பையனுக்கும் குடுங்க. அவர் படிச்சவர், அவருக்குக் கண்ணு இருக்கு. கட்டணத்தை வயசுக்குப் போடாதீங்க, ஓடின தூரத்துக்குப் போடுங்க, மீட்டரைப் பார்த்துக்குங்க. சீட் பெல்ட்டும் பூஸ்டரும் போட்டவனை, ஹாரன் மாத்தினவனோட ஒரே சட்டியில போட்டு வறுக்காதீங்க. நீங்க சென்னையில பெரிய பெரிய ஆபீஸ்ல இருக்கிறவங்க, இந்தச் சட்டத்தை எழுதறவங்களும் திருத்தறவங்களும் உங்க பக்கத்து வீட்டுல இருக்கலாம். போட்டோ எடுக்கிறப்போ இதையும் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

எஃப்.சி. பங்குனி மூணாம் தேதியோட முடியுது. நவரை அறுப்பு சித்திரையில. கொள்முதல் நிலையம் எங்க ஊர்லேர்ந்து ஆறு கிலோமீட்டர். பழைய புத்தகத்தோட ஜெராக்ஸ் நாலு காப்பி எடுத்து, மனு எழுதி, மேல் ஆபீசுக்குப் பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கேன். ஒப்புகைச் சீட்டு இன்னும் வரலை. வர்ற ஞாயித்துக்கிழமை பையனுக்கு லீவு. பின்னாடி வலது சக்கரத்துல வீல் சிலிண்டர் லேசா கசியுது, அதைக் கழட்டணும்.